ஸ்லைசரில் நடு லேயர்கள் காலி, எம்3 துளையும் இறுக்கம்

கேள்வி: 3டி பிரிண்ட் செய்ய சாலிட்வொர்க்ஸில் (கணினி வரைவு மென்பொருள்) வரைந்த மோட்டார் பிராக்கெட். எஸ்டிஎல்லாக (வடிவத்தை முக்கோணங்களால் காட்டும் கோப்பு) எடுத்தால் ஸ்லைசர் (மாடலை அச்சிட லேயர்களாக வெட்டும் மென்பொருள்) 'நான்-மேனிஃபோல்ட் எட்ஜ்' என்கிறது, நடுவில் சில லேயர் காலி. 3.2 மி.மீ. துளையில் எம்3 (3 மி.மீ.) போல்ட்டும் நுழையவில்லை. 0.4 மி.மீ. நாசில், 0.2 மி.மீ. லேயர், பிஎல்ஏ பிளாஸ்டிக்.

பதில் 1: மெஷ் ரிப்பேர் (முக்கோண வலையை ஒட்டுப்போடுவது) பக்கம் போகாதீங்க, மூல மாடலிலேயே சரி செய்யுங்க. ரெண்டு பாடி (தனித்தனித் திண்மம்) ஒரு விளிம்பில் மட்டும் ஒட்டிக்கிட்டு நிற்கும். ரெண்டு முக்கோணம் பங்கு போட வேண்டிய அந்தக் கோட்டை நாலு முக்கோணம் பங்கு போடும், அதுதான் நான்-மேனிஃபோல்ட் எட்ஜ். எது உள்ளே, எது வெளியேன்னு ஸ்லைசருக்குப் புரியாது. ஒன்றை 0.1 மி.மீ. உள்ளே நகர்த்தி கம்பைன் கொடுத்து ஒரே பாடி ஆக்குங்க.

பதில் 2: துளை சுருங்குவது சகஜம். எஸ்டிஎல்லில் வட்டம் பலகோணமாகிறது, அதன் பக்கங்கள் வட்டத்துக்கு உள்ளேதான் ஓடும். போதாததற்கு, உருகிய இழை வளைவின் உள்பக்கம் இழுபடும். எஸ்டிஎல் எடுக்கும்போது டீவியேஷன் (பலகோணம் வட்டத்திலிருந்து விலகும் அளவு) 0.01 மி.மீ., துளை 3.4 மி.மீ. வையுங்க. படுத்த துளை என்றால் மேற்புறத்தை 45 டிகிரி கூம்பாக்குங்க, இல்லாவிட்டால் தொங்கும்.

பதில் 3: எஸ்டிஎல்லில் அலகு கிடையாது. அங்குலத்தில் சேமித்ததை மி.மீ. என்று படித்தால் 25.4 மடங்கு குட்டியாக வரும். அலகையும் சேர்த்துச் சேமிக்கும் 3எம்எஃப் கோப்பில் அந்தத் தலைவலி இல்லை.

கேள்வி கேட்டவர்: கிளாம்ப் காதுதான் விளிம்பில் தொட்டிருந்தது. கம்பைன் செய்ததும் எச்சரிக்கை போயிடுச்சு.