காரையாறு சாஸ்தா துணை (குடும்பக் குழு)

அம்பை சித்தப்பா: எல்லாருக்கும் வணக்கம். தையில பாப்பாவுக்குக் காதுகுத்து. வார வீட்டுப் பிள்ளையளுக்கு 40 செட் மரச் செப்புச் சாமான் என் கையால செஞ்சு குடுக்கணும்னு ஆச. கடைசல் மெசின் இருக்கு. மரம் துண்டு போட சின்ன பேண்ட் சா (பட்டை ரம்பம்) ஒண்ணு வேங்கணும். 8 இஞ்சா, 9-ஆ, 10-ஆ?

கடையம் அத்தை: நல்ல காரியம் தம்பி

சித்தி: 40-ஆ? நேத்து 25-ன்னிய

தூத்துக்குடி அண்ணன்: மஞ்சக்கடம்புலயா சித்தப்பா?

அம்பை சித்தப்பா: அது இப்ப எங்கடே கெடைக்கு. யூக்கலிப்டஸ், ரப்பர் மரந்தான்

மில் மாமா: மாப்ளே, இஞ்சைப் பொறவு பாப்போம். என்னத்த அறுக்கப் போறீரு, அதச் சொல்லும். 9 இஞ்சுங்கது பிளேடு சுத்துத சக்கரத்தோட விட்டம். பிளேடுக்கும் பின்னால தூணுக்கும் உள்ள எடம் அதுக்குக் கொஞ்சம் கம்மி. அறுக்குத உயரம் வேற கணக்கு. 9 இஞ்சு மெசின்ல மூணு, மூணரை இஞ்சு கனந்தான் நொழையும். செப்புக்கு அது தாராளம். அரை எச்.பி. மோட்டார், வீட்டு சிங்கிள் பேஸே போதும்.

சித்தி: எங்க வைக்கப் போறாவளாம்? மாடிப்படிக்குக் கீழ ஆட்டுரல் கெடக்கு

மில் மாமா: பிளேடும் முக்கியம். வளைச்சு அறுக்க 6 மி.மீ. அகலம், பலகை கிழிக்க 12 மி.மீ. கனத்த மரத்துக்கு இஞ்சுக்கு 3, 4 பல்லு. மெல்லிசுக்கு 10. எப்பவும் மூணு பல்லாவது மரத்துக்குள்ள நிக்கணும், இல்லன்னா கொத்தும்.

சென்னை தம்பி: மாமா, வட்ட ரம்பம் போதாதா? வெல கம்மி

மில் மாமா: அது ஒரு வெட்டுக்கு 3 மி.மீ. மரத்தத் தூளாக்கிரும். பேண்ட் சா 1 மி.மீ. பக்கந்தான். வட்ட ரம்பம் கட்டைய நம்ம வயித்தப் பாத்து எறியும். இது மேசையப் பாத்து அமுக்கும். ஆனா உருண்டக் கட்டைய வெறுங்கையில புடிக்கப்படாது, உருட்டி விட்டுரும். 'வி' வெட்டுன கட்டையில படுக்க வச்சுத்தான் அறுக்கணும்.

சித்தி: கேட்டியளா? வெரலு பத்திரம்

கடையம் அத்தை: ஆத்துல தண்ணி கூடியிருக்காமே? பாலம் முங்கிட்டா?

தூத்துக்குடி அண்ணன்: அது பழைய போட்டோ அத்தை. போன வருசமும் வந்துச்சு

மில் மாமா: மழைக்காலத்துல வேல முடிஞ்சா பிளேட லூசாக்கி எண்ணெய் தொட்டு வையும். முறுக்குலயே விட்டா சக்கரத்து ரப்பரு அமுங்கிரும்.

அம்பை சித்தப்பா: சரி அத்தான். இன்னொண்ணு. நம்ம வீட்டுப் பேரப்பிள்ளைய 6 பேருக்கு மட்டும் தாத்தா வீட்டு உத்திரத்துல செய்யலாம்னு நெனச்சேன்

சென்னை தம்பி: எந்த உத்திரம்?

கடையம் அத்தை: அது எங்கன இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்லா

மில் மாமா: உத்திரம் 6 இஞ்சு கனம் இருக்குமே. 9-லயும் போவாது, 10-லயும் போவாது. மொதல்ல சா மில்லுல குடுத்து மூணு இஞ்சாக் கிழிக்கணும். உள்ள ஆணி கெடந்தா ஒரே இழுப்புல பிளேடு போயிரும். காந்தம் வச்சுத் தடவிப் பாக்கணும்.

பாளை பெரியப்பா: நான் ஒண்ணும் தூக்கிட்டுப் போவல. வீடு இடிச்சன்னைக்கு நல்ல மழ. நனையப்படாதுன்னுதான் வண்டி வச்சுக் கொண்டாந்தேன். வண்டிக் கூலி யாரு குடுத்தா?

கடையம் அத்தை: கேக்காம கொண்டு போனதத்தான் சொல்லுதேன்

சித்தி: அத்தே, காதுகுத்துக்கு அல்வா எத்தன கிலோ சொல்லட்டும்?

சென்னை தம்பி: 10

கடையம் அத்தை: 10 காணாது

பாளை பெரியப்பா: தேக்கு. ஒரு பூச்சி விழல. 11 வருசமாத் தார்ப்பாய் போட்டு மூடித்தான் வச்சிருக்கேன்

அம்பை சித்தப்பா: தெரியும்ணே. ஞாயித்துக்கிழம வரட்டுமா?

பாளை பெரியப்பா: வா. முழுசும் இல்ல, பாதிதான். எனக்கும் பேத்தி இருக்கா

அம்பை சித்தப்பா: அந்த 6-ல அவளும்தானண்ணே

மில் மாமா: அப்ப மெசின் 9-ஆ 10-ஆ?

சித்தி: ஆட்டுரல எங்க நவுட்டணும்னு மொதல்ல சொல்லச் சொல்லுங்க

அம்பை சித்தப்பா: மரத்தப் பாத்துட்டுச் சொல்லுதேன் அத்தான்

பாளை பெரியப்பா: வரும்போது ஆணி புடுங்க கொறடு கொண்டா. இங்கன இல்ல