கோல்ஃப் மட்டையின் ஷாஃப்ட் (தண்டு) மாற்றும் வேலையை வீட்டில் செய்யலாமா?

பழைய மட்டை:
கிரிப் (கைப்பிடி உறை) மாற்றுவதோடு நின்றுகொள்ள வேண்டும், ஷாஃப்டைத் தொடவே கூடாது என்று பலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஸ்டீல் ஷாஃப்ட் பொருத்திய அயர்ன் மட்டையின் (தட்டையான உலோகத் தலையுள்ளது) கழுத்தை, அதாவது தலையோடு தண்டு சேரும் இடத்தை, ஹீட் கன் எனும் சூடான காற்றை ஊதும் கருவியால் சூடேற்றினால் உள்ளிருக்கும் எபாக்சி பசை இளகிவிடும்; தடித்த கையுறையோடு தலையைப் பிடித்துத் திருகினால் கழன்று வரும். துளையிலுள்ள பழைய பசையைச் சுரண்டியெடுத்து, புதிய ஷாஃப்டின் முனையிலுள்ள குரோம் பூச்சை உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, எபாக்சியின் இரு பகுதிகளையும் அதன் உறையில் சொன்ன அளவில் கலந்து ஒட்டி, 24 மணி நேரம் அசைக்காமல் இறுகவிட வேண்டும். ஐந்து நிமிடத்தில் இறுகும் பசை இதற்கு ஆகாது. பொறுமையுள்ள எவரும் செய்யக்கூடிய வேலை இது.

ஏழாம் அயர்ன்:
ஐயா, நீங்கள் சொன்னது ஸ்டீலுக்குச் சரி. ஆனால் இதைப் படிக்கும் புதியவர் கிராஃபைட் ஷாஃப்டையும் அப்படியே திருகுவார் என்பதுதான் என் அச்சம். கிராஃபைட் ஷாஃப்ட் என்பது கார்பன் இழைகளைப் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காகச் சுற்றியது. சூடு மிகுந்தால் ஒட்டுப்பசையோடு அந்தப் பிசினும் தளர்ந்துவிடும், அந்த நிலையில் திருகினால் முனையில் இழைகள் பிரிந்துவிடும். பயிற்சித் திடலில் எனக்கு அடுத்து நின்றவரின் டிரைவர் மட்டையின் (நெடுந்தூரம் அடிக்கும் பெரிய தலை மட்டை) தலை, அடித்த வேகத்தில் கழன்று முன்னே பாய்ந்ததை நான் நேரில் கண்டேன். முனையின் வண்ணப்பூச்சைத் தேய்க்காமலேயே அவர் வீட்டில் ஒட்டியிருந்தார். முன்னால் எவரும் இல்லாததால் யாருக்கும் அடிபடவில்லை.

பழைய மட்டை:
நீங்கள் கண்டது அவசரத்தின் விளைவு. அதை வீட்டில் செய்ததன் குறை என்று சொல்ல முடியாது. கிராஃபைட்டைத் திருகாமல் நேராக இழுத்துக் கழற்றுவதற்கென்றே கருவி விற்கிறார்கள்; அதை வாங்கிக்கொண்டால் அந்த ஆபத்து பெரிதும் குறையும். பரணில் கிடக்கும் அப்பாவின் மட்டைகளை மகளின் உயரத்துக்கு ஏற்ப நானே மாற்றிக் கொடுத்தபோது கிடைத்த நிறைவைப் பட்டறையில் கொடுத்து வாங்க முடியாது.

பசும்புல்:
இருவரும் கழற்றுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். என் அனுபவத்தில் பெரும்பாலான பிழை வாங்கும்போதே நேர்கிறது. அயர்ன் தலைகளின் துளை பெரும்பாலும் இரண்டு அளவில் வரும்: முனை குறுகிச் செல்லும் ஷாஃப்டுக்கு 0.355 அங்குலம், ஒரே பருமனுள்ள ஷாஃப்டுக்கு 0.370 அங்குலம். சின்னதைப் பெரிய துளையில் நுழைத்தால் ஷாஃப்ட் ஆடும். பெரியது சின்னத் துளையில் நுழையவே நுழையாது. அதோடு, நீளத்தை அரை அங்குலம் கூட்டினால் ஸ்விங் வெயிட் (வீசும்போது தலைப்பக்கம் உணரப்படும் கனத்தின் அளவு) ஏறத்தாழ 3 புள்ளி ஏறும். தலையில் ஏறத்தாழ 2 கிராம் கூடினாலே ஒரு புள்ளி. அளக்காமல் ஒட்டிய மட்டை உறுதியாக இருக்கலாம், ஆனால் கைக்குப் பழகாது.

ஏழாம் அயர்ன்:
பசும்புல் சொன்னதை ஏற்கிறேன். ஸ்டீல் அயர்ன்களை வீட்டில் மாற்றுவதில் எனக்கு இனி மறுப்பில்லை. ஆனால் கிராஃபைட்டுக்கு இழுக்கும் கருவி இல்லாமல் எவரும் இறங்க வேண்டாம் என்ற வரியை, ஐயா, உங்கள் முதல் பதிவின் தொடக்கத்திலேயே சேருங்கள். அது வரும்வரை என் எதிர்ப்பு நீடிக்கும்.