அம்மா எழுந்து வருவதற்குள் எடுத்துவிடும் ஆன்சரிங் மெஷின்: சரிசெய்வது எப்படி?

வண்ணைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் அப்பா காலத்து வீட்டில் அம்மாவும் நானும் வசிக்கிறோம். அம்மாவுக்கு 72 வயது. முழங்கால் தேய்மானம் இருப்பதால் அவரால் வேகமாக நடக்க முடியாது. தொடுதிரைக் கைப்பேசி அவருக்குக் கடைசிவரை பழகவே இல்லை. உறவினர்களும், அவர் கண் சிகிச்சை பெறும் மருத்துவமனையும் வீட்டு லேண்ட்லைன் எண்ணுக்குத்தான் அழைக்கிறார்கள். நான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். உள்ளே போகும்போதே கைப்பேசியை வாயிலில் ஒப்படைத்துவிட வேண்டும் என்பதால், இடைவேளையில் மட்டுமே நான் யாருடனும் பேச முடியும்.

சென்ற மாதம் அம்மா மொட்டை மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அறுவை சிகிச்சை நாள் மாற்றப்பட்டதைச் சொல்ல மருத்துவமனையிலிருந்து இரண்டு முறை அழைத்திருக்கிறார்கள். எடுக்க ஆளில்லை. பழைய தேதியில் ஆட்டோ பிடித்துப் போய், அரை நாள் காத்திருந்துவிட்டுத் திரும்பி வந்தோம். அன்று அம்மா முகம் வாடியதை என்னால் மறக்க முடியவில்லை.

இதைக் கேள்விப்பட்ட என் சித்தப்பா மகன், அமெரிக்காவில் தான் பயன்படுத்திய டிஜிட்டல் ஆன்சரிங் மெஷினைக் கொண்டுவந்து கொடுத்தான். யாரும் எடுக்காவிட்டால் அழைப்பைத் தானே எடுத்து, அழைத்தவர் சொல்லும் செய்தியைப் பதிவு செய்துவைக்கும் கருவி அது. கையேடு இல்லை. அதன் அடாப்டரில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருப்பதால், பக்கத்து வீட்டில் மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை இரவல் வாங்கி அதன்வழியாக இணைத்திருக்கிறேன். கருவி வேலை செய்கிறது. ஆனால் பயன் இல்லை. நான்கு முறை மணி ஒலித்த பிறகு எடுக்கும்படி அமைத்தும், அம்மா சமையலறையிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் அது எடுத்துவிடுகிறது. அவர் ரிசீவரைத் தூக்கினால் இரண்டு குரல்களும் கலந்து கேட்கின்றன. பதிவான செய்திகளில் பாதிக்கு மேல் எங்கேஜ் டோன் மட்டுமே இருக்கிறது. மின்சாரம் ஒருமுறை போய் வந்தால் கிழமையும் நேரமும் தவறாகச் சொல்கிறது. போதாததற்கு ரீங்காரம் போல ஓர் இரைச்சலும் உண்டு. இவற்றைச் சரிசெய்ய முடியுமா, அல்லது அமெரிக்கக் கருவி நம் ஊர் லைனுக்கு ஒத்துவராதா என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். எங்கள் வீட்டில் இன்னும் பழைய செம்புக் கம்பி இணைப்புதான் இருக்கிறது.

கொருக்குப்பேட்டை குமரன் எழுதியது:

இவ்வளவு சிரமம் எதற்கு என்று தோன்றுகிறது. வீட்டில் எடுக்காவிட்டால் அழைப்பு உங்கள் கைப்பேசிக்குத் திரும்பும்படி இணைப்பகத்தில் எழுதிக் கொடுத்தால் போதாதா?

வண்ணைவாசி எழுதியது:

நன்றி, நண்பரே. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வேலை நேரம் முழுவதும் என் கைப்பேசி வாயிற்காவலரின் அலமாரியில் கிடக்கும். அழைப்பு அங்கே போய் ஒலித்து ஓய்ந்துவிடும். சொல்ல வந்த செய்தி எங்காவது பதிவாகி நிற்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தேவை.

திருவொற்றியூர் ஓய்வூதியர் எழுதியது:

தம்பி, நான் தொலைபேசித் துறையில் கேபிள் பிரிவிலும் சந்தாதாரர் இணைப்புப் பழுது பார்ப்பதிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவன். உங்கள் கருவியில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அது வேறு நாட்டு மணிக்குப் பழகிய கருவி, அதுதான் சிக்கல்.

அமெரிக்காவில் தொலைபேசி மணி இரண்டு விநாடி ஒலித்து நான்கு விநாடி ஓயும். ஆகவே ஒரு மணிக்கு ஆறு விநாடி. நான்கு மணி என்றால் இருபத்து நான்கு விநாடி. நம் ஊரில் 0.4 விநாடி ஒலி, 0.2 விநாடி இடைவெளி, மறுபடி 0.4 விநாடி ஒலி, பிறகு 2 விநாடி ஓய்வு என்று இரட்டை இரட்டையாக ஒலிக்கும். ஒரு சுற்று முழுவதும் மூன்றே விநாடிதான். நீங்கள் நான்கு என்று அமைத்தால் பன்னிரண்டு விநாடியில் கருவி எடுத்துவிடும். அதிலும் சில கருவிகள் இரட்டை ஒலியின் ஒவ்வொரு துண்டையும் தனி மணியாக எண்ணிவிடும். அப்படியானால் ஆறு விநாடிக்கு மேல் கிடைக்காது. முழங்கால் வலி உள்ள ஒருவர் சமையலறையில் அடுப்பைத் தணித்து, கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வர அந்த நேரம் எப்படிப் போதும்?

ஆகவே முதலில் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு அளந்து பாருங்கள். அம்மா வழக்கமாக இருக்கும் இடங்களிலிருந்து, அவசரப்படாமல், தம் இயல்பான நடையில் தொலைபேசிக்கு வர எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொண்டு, அதை மூன்றால் வகுத்து, மேலே ஒன்றைக் கூட்டி மணி எண்ணிக்கையை அமையுங்கள். பிறகு பக்கத்து வீட்டிலிருந்து அழைக்கச் சொல்லி, கருவி உண்மையில் எத்தனையாவது விநாடியில் எடுக்கிறது என்று சரிபாருங்கள். கருவியில் ‘டோல் சேவர்’ என்றொரு அமைப்பு இருக்கலாம். புதிய செய்தி இருந்தால் இரண்டாம் மணியிலேயே எடுப்பதும், இல்லாவிட்டால் நான்காம் மணி வரை பொறுப்பதும் அதன் வேலை. வெளியிலிருந்து அழைக்கும் வீட்டுக்காரர் மூன்றாம் மணி கேட்டதும் செய்தி எதுவும் இல்லை என்று புரிந்துகொண்டு, கட்டணம் ஏறுவதற்குள் வைத்துவிடலாம் என்பதற்காக அதை வைத்தார்கள். உங்கள் வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். ஒரு செய்தி பதிவான பிறகு அடுத்த அழைப்பை அம்மாவால் எடுக்கவே முடியாமல் போய்விடும்.

எங்கேஜ் டோன் பதிவாவதற்கும் காரணம் இதைப் போன்றதுதான். அங்கே அழைத்தவர் வைத்தவுடன் இணைப்பகம் லைன் மின்னோட்டத்தை ஒரு கணம் துண்டித்துக் காட்டும். கருவி அதைக் கண்டு பதிவை நிறுத்திக்கொள்ளும். நம் லைனில் பெரும்பாலும் அந்தத் துண்டிப்பு வராமல், முக்கால் விநாடி ஒலியும் முக்கால் விநாடி ஓய்வுமாக 400 ஹெர்ட்ஸ் எங்கேஜ் டோன்தான் வரும். கருவி அதையும் பேச்சு என்று எண்ணிப் பதிவு செய்துகொண்டே போகும். இதை முழுமையாக ஒழிக்க முடியாது. ஒரு செய்திக்கு உரிய நேரத்தை ஒரு நிமிடம் என்று குறைக்க வழி இருந்தால் குறையுங்கள். நினைவகம் நிரம்பி, வேண்டிய செய்தி பதிவாகாமல் போவதையாவது தடுக்கலாம்.

இரண்டு குரல்கள் கலப்பதைப் பற்றிச் சொன்னீர்கள். தொலைபேசியையும் கருவியையும், சுவரில் லைன் கம்பி வந்து சேரும் ரோசட் பெட்டியில் தனித்தனியாக இணைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சுவரிலிருந்து வரும் வயரைக் கருவியின் ‘லைன்’ துளையிலும், தொலைபேசியின் வயரைக் கருவியின் ‘டெல்’ அல்லது ‘ஃபோன்’ என்று எழுதியுள்ள துளையிலும் செருகுங்கள். அப்போது அம்மா ரிசீவரைத் தூக்கியதும் கருவி அதை உணர்ந்து விலகிக்கொள்ளும்.

ரீங்காரத்துக்கு ரோசட் பெட்டியைத் திறந்து பாருங்கள். திறப்பதற்கு முன் ஒரு வார்த்தை: சும்மா இருக்கும்போது லைனில் 48 வோல்ட் அளவில்தான் இருக்கும், ஆனால் மணி அடிக்கும்போது 75 வோல்ட்டுக்கும் மேலே போகும், ஆகவே ஈரக் கையோடு தொடாதீர்கள். கடற்கரைக்கு அருகில் இருக்கும் நம் பகுதியில் உப்புக் காற்று பட்டுப் பட்டுத் திருகாணியைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு படிந்துவிடும். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் நான் திறந்த பெட்டிகளில் இந்தப் பச்சைக் களிம்பு இல்லாத பெட்டி அபூர்வம். கம்பியின் நுனியை அரை அங்குலம் வெட்டிவிட்டு, புதிதாகச் சீவி, பளபளப்பான செம்பு தெரியும்படி முறுக்கி மாட்டினால் இரைச்சல் பெரும்பாலும் நின்றுவிடும். அப்போதும் நிற்காவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரைச் சந்தேகிக்கலாம்.

மின்ட் பணிமனை எழுதியது:

ஐயா சொன்னதோடு அடாப்டரைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். இரவல் டிரான்ஸ்ஃபார்மரை நம்பி நாள் முழுவதும் ஓட்ட வேண்டாம். யாராவது அறியாமல் அந்த 120 வோல்ட் அடாப்டரை நேராக நம் 230 வோல்ட் பிளக்கில் செருகிவிட்டால், சில நிமிடங்களில் சூடேறிக் கருகிவிடும். அதன் ‘அவுட்புட்’ வரியைப் படியுங்கள். எத்தனை வோல்ட், எத்தனை மில்லி ஆம்பியர், டிசியா ஏசியா என்ற மூன்றும் அதில் இருக்கும். டிசி என்றால் பின்னின் நடுப்பகுதி பாசிட்டிவா நெகட்டிவா என்று ஒரு சிறு படமும் போட்டிருப்பார்கள். வோல்ட்டும் துருவமும் அப்படியே இருக்க வேண்டும். மில்லி ஆம்பியர் கூடுதலாக இருந்தால் தவறில்லை. சில ஆன்சரிங் மெஷின்களின் அடாப்டர் ஏசியையே வெளியே தரும். அப்படி இருந்தால் கடையில் கிடைக்கும் சாதாரண டிசி அடாப்டரை மாட்டக் கூடாது. பழைய அடாப்டரையே கையில் எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனால் பார்த்து, ஒத்ததைக் கொடுப்பார்கள்.

கருவியின் அடிப்பக்கத்தில் 9 வோல்ட் பேட்டரிக்கு ஓர் அறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் பேட்டரி போட்டாலே கடிகாரம் மறக்காது. மின்சாரம் இல்லாத நேரத்தில் சாதாரணத் தொலைபேசி இணைப்பகத்தின் மின்சாரத்தில் வேலை செய்யும், ஆனால் ஆன்சரிங் மெஷின் எடுக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்ததை நாம் பார்த்தோம். பிற்காலத்தில் ஃபைபர் இணைப்புக்கு மாறினால், வீட்டில் வைக்கும் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும் என்பதால் அப்போது தொலைபேசியே நின்றுவிடும். இப்போதே இரண்டுக்குமாக ஒரு சிறிய யுபிஎஸ் வைப்பது பற்றி யோசியுங்கள்.

உங்களுடையது வயர் உள்ள கருவி என்று நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். அது அமெரிக்கக் கார்ட்லெஸ் வகையாக இருந்தால் பயன்படுத்தவே வேண்டாம். அங்கே விற்கும் டெக்ட் 6.0 வகை 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. இங்கே அந்த அலைவரிசை கைப்பேசிச் சேவைக்கு உரியது.

பெரம்பூர் ஆசிரியை எழுதியது:

வீட்டில் டியூஷன் நடத்துவதால் பல ஆண்டுகளாக ஆன்சரிங் மெஷின் வைத்திருக்கிறேன். எங்கேஜ் டோன் மட்டும் பதிவாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் மக்களில் பலர், இயந்திரக் குரல் என்று தெரிந்ததும் வைத்துவிடுகிறார்கள். நான் முதலில் ஆங்கிலத்தில் நீளமாக வரவேற்புரை பதிவு செய்திருந்தேன். பெற்றோர் யாரும் பேசவில்லை. பிறகு இப்படி மாற்றினேன்: “வணக்கம். இப்போது தொலைபேசிக்கு வர முடியவில்லை. ‘பீப்’ என்ற ஒலி கேட்டதும் உங்கள் பெயர், எண், செய்தி மூன்றையும் நிதானமாகச் சொல்லுங்கள். நாங்களே அழைக்கிறோம்.” பத்து விநாடிக்குள் முடிந்துவிடும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கருவியிலிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து பேசினால் குரல் தெளிவாக வரும். அம்மாவின் குரலிலேயே பதிவு செய்தால் உறவினர்கள் தயங்காமல் பேசுவார்கள். ‘ஊரில் இல்லை’, ‘மாலைதான் வருவோம்’ என்றெல்லாம் சொல்ல வேண்டாம். வீடு பூட்டிக்கிடக்கிறது என்று அறியாதவருக்கு நாமே அறிவிப்பதாகிவிடும்.

வெளியிலிருந்து செய்தியைக் கேட்க, வரவேற்புரை ஓடும்போது இரகசிய எண்ணை அழுத்த வேண்டும். அந்த எண் பெரும்பாலும் கருவியின் அடியிலேயே ஒட்டப்பட்டிருக்கும். மாற்ற முடிந்தால் கட்டாயம் மாற்றுங்கள். சில சேவைகள் ஓடிபி எண்ணைக் குரல் அழைப்பிலும் சொல்வதுண்டு, அதுவும் உங்கள் கருவியில் பதிவாகக்கூடும்.

அம்மா திரும்ப அழைக்கும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து கைப்பேசிக்கு அழைக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும். என் மாமியார் இதை அறியாமல் பல நாள் ‘லைன் போகவில்லை’ என்று வருந்தினார். இப்போது தொலைபேசிக்கு மேலே ஓர் அட்டையில் பெரிய பூஜ்ஜியம் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

வண்ணைவாசி எழுதியது:

ஐயாவுக்கும் மற்ற இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதற்காகவே ஒதுக்கினேன். அம்மா சமையலறையிலிருந்து வர 17 விநாடியும், பின்கட்டுத் துணிக்கொடியிலிருந்து வர 26 விநாடியும் ஆகின்றன. கருவியில் அதிகபட்சம் ஏழு மணிதான் இருக்கிறது, அதையே வைத்தேன். பக்கத்து வீட்டிலிருந்து அழைத்துச் சரிபார்த்தபோது, 21 விநாடியில் எடுத்தது. ரோசட் பெட்டியைத் திறந்தால் ஐயா சொன்னது போலவே இரண்டு திருகாணிகளும் பச்சையாகக் கிடந்தன. ஒரு கம்பி தொட்டவுடன் கையோடு வந்துவிட்டது. புதிதாகச் சீவி மாட்டிய பிறகு இரைச்சல் இல்லை. பழைய அடாப்டர் 9 வோல்ட் டிசி என்பதால் ஒத்த அடாப்டர் எளிதாகக் கிடைத்தது. வயர் உள்ள கருவிதான், பேட்டரியும் போட்டுவிட்டேன்.

வரவேற்புரையை அம்மாவே பேசினார். மூன்று முறை அழித்து, நான்காம் முறைதான் அவருக்குத் திருப்தி ஏற்பட்டது. கருவியின் ஒலிபெருக்கியை நன்றாகக் கூட்டி வைத்திருக்கிறேன். நேற்று இடைவேளையில் அழைத்தபோது அவர் பின்கட்டில் இருந்திருக்கிறார். கருவி எடுத்தது, நான் “அம்மா, மதியம் மாத்திரை போட்டீர்களா?” என்று கேட்டேன். பத்து விநாடி கழித்து ரிசீவரைத் தூக்கும் ஓசையும், “இதோ வந்துட்டேன்டா, கொஞ்சம் இரு” என்று மூச்சு வாங்க அவர் சொன்னதும் கேட்டன. மருத்துவமனைக்கும் அழைத்து, யாரும் எடுக்காவிட்டால் வைத்துவிடாமல், ஒலி கேட்ட பிறகு செய்தியைச் சொல்லுமாறு கேட்டுக்கொண்டேன். எங்கள் கோப்பிலேயே எழுதி வைப்பதாகச் சொன்னார்கள்.