காளான் பெட்டி நாற்றம்: கரி வடிகட்டியா, காற்றோட்டமா?

வடசேரி மாடி:
நாகர்கோவில் வடசேரியில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடு எங்களுடையது. மாடி அறையில் இரும்பு ஆங்கிள் ராக்கைச் சுற்றி பாலித்தீன் தாள் போர்த்தி, சிப்பிக் காளானுக்கு ஒரு பெட்டி செய்திருக்கிறேன். 6 அடி உயரம், 4 அடி அகலம், 2 அடி ஆழம். உள்ளே 12 வைக்கோல் படுக்கைகள், அதாவது காளான் விதையோடு வைக்கோல் அடைத்த பைகள். முதல் அறுவடை நன்றாக வந்தது. இரண்டாவதில் காம்பு விரல் நீளத்துக்கு நீண்டு, குடை சட்டைப் பொத்தான் அளவிலேயே நின்றுவிட்டது. கூடவே புளித்த நாற்றம். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மூச்சிழுப்பு உண்டு. நேற்று அவர்கள் ஜன்னலைச் சாத்தியதைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. கரி வடிகட்டியும் குழாய் விசிறியும் சேர்த்து விற்கிறார்களே, வாங்கலாமா?

குளச்சல் கரை:
தாராளமாக வாங்குங்கள் அக்கா. ஆக்டிவேட்டட் கார்பனில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடிக்கணக்கில் உண்டு. நாற்றம் அதில் போய் ஒட்டிக்கொள்ளும், வெளியே வருவது வெறும் காற்றுதான். நம் ஊர்ச் சிரட்டையைச் சுட்டு, அப்புறம் நீராவியில் மறுபடி கடுமையாகச் சூடாக்கினால் கிடைப்பதுதான் அந்தக் கரி. அடுப்புக்கு வாங்கும் சிரட்டைக் கரியைப் பையில் கட்டித் தொங்கவிட்டால் அந்த வேலை நடக்காது, அதில் துளைகள் அவ்வளவு திறந்திருக்காது. வெறுங்கரியில் ஏமாந்த பிறகுதான் நான் சரியானதை வாங்கினேன். இப்போது என் வீட்டில் காளான் வளர்வதே அடுத்த வீட்டுக்குத் தெரியாது.

குலசேகரம் ரப்பர்:
குளச்சல் தம்பி சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாற்றம் என்பது படுக்கை நமக்குச் சொல்லும் சேதி. அதை அடக்கிவிட்டால் நோய் தெரியாமல் போகும். நல்ல படுக்கையைத் திறந்தால் மழைக்கு அப்புறம் ரப்பர் தோட்டத்துக்குள் போனது போல ஒரு வாசம் வரும். புளித்த கஞ்சி வாசம் வந்தால் வைக்கோலில் ஈரம் கூடி பாக்டீரியா பிடித்திருக்கிறது. அழுகிய முட்டை வாசம் வந்தால் உள்ளே காற்றே இல்லை. தேங்காய் வாசம் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். தேங்காய் உடைக்காத அறையில் அந்த வாசம் வந்தால் டிரைக்கோடெர்மா என்ற பச்சைப் பூசணத்தைத் தேடுங்கள், அதில் சில வகை அப்படித்தான் மணக்கும். வடிகட்டி போட்டு இத்தனை அடையாளத்தையும் தொலைக்கச் சொல்கிறீர்களா?

அக்கா, உங்கள் பெட்டிக்கு முதல் குறை காற்று. நீண்ட காம்பும் சிறுத்த குடையும் கார்பன் டை ஆக்சைடு கூடிப்போனதற்கு அடையாளம். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. பூசண இழை வைக்கோலில் ஓடும் நாட்களில் கூடுதலாக இருந்தாலும் தாங்கும். மொட்டு விட்ட பிறகு 1000-க்குக் கீழே வைத்திருக்க வேண்டும். பன்னிரண்டு படுக்கையும் மூச்சு விடும்போது அடைத்த தாளுக்குள் என்ன ஆகும்?

குளச்சல் கரை:
அண்ணே, நீங்கள் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறீர்கள். கருவாடு காயும் வாசத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் தெருவிலேயே புளித்த வைக்கோல் நாற்றத்தைப் பொறுக்கவில்லை. படுக்கையைச் சரிசெய்து அடுத்த அறுவடை வர இரண்டு வாரம் ஆகும். அதுவரை அந்தப் பாட்டி ஜன்னலைத் திறக்காமல் இருக்க வேண்டுமா?

தோவாளை மேடு:
காற்று, காற்று என்று இரண்டு பேரும் பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வருகிற காற்று முப்பந்தல் காற்றாடிகளைச் சுற்ற வைக்கிற காற்று. ஆனி ஆடியில் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும், மொட்டு மஞ்சளாகிக் காய்ந்து, குடை விளிம்பு வெடித்துவிடும். இந்த யோசனையைக் கேட்டு ஒரு சுற்று முழுவதையும் இழந்திருக்கிறேன். 80 முதல் 90 சதவீத ஈரப்பதம் காளானுக்கு வேண்டும். நான் காற்று வரும் வழியில் ஈரச்சாக்கு கட்டி, அதைத் தாண்டி வரும் காற்றைத்தான் உள்ளே விடுகிறேன். குலசேகரத்து ஈரக்காற்றுக்குச் சரியாக இருப்பது எங்களுக்கு ஆகாது.

குலசேகரம் ரப்பர்:
அந்த ஈரப்பதத்தைச் சொன்னீர்களே அண்ணாச்சி, கரி வடிகட்டிக்கு எதிரான என் பெரிய வாதமே அதுதான். 70 சதவீதத்துக்கு மேல் ஈரம் போனால் தண்ணீரே கரியின் துளைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும், நாற்றத்துக்கு இடம் குறையும். 90 சதவீதத்தில் இருக்கும் பெட்டியின் வாயில் வைத்தால் அது எத்தனை நாளைக்கு வேலை செய்யும்?

குளச்சல் கரை:
அது எனக்கும் நடந்தது, மறைக்கவில்லை. இரண்டு மாதத்தில் கரி ஈரமாகி, வடிகட்டியே நாறியது. அதற்கப்புறம் பெட்டியின் வாயிலிருந்து கழற்றி, அறையின் நடுவில் தனியாக ஓடவிட்டேன். அறைக் காற்றில் ஈரம் குறைவு. அதே காற்று திரும்பத் திரும்ப கரி வழியாகப் போய்வருகிறது. இப்படி வைத்ததில் கரி நன்றாக நிற்கிறது. கரி வேண்டாம் என்று சொல்லாதீர்கள், வைக்கும் இடத்தை மாற்றச் சொல்லுங்கள்.

தக்கலை ஒயர்மேன்:
நான் காளான் வளர்ப்பவன் இல்லை, இரண்டு பேருக்கு விசிறி மாட்டிக் கொடுத்திருக்கிறேன். கணக்கைப் பார்ப்போம். 6 × 4 × 2 என்றால் 48 கன அடி. மணிக்கு ஆறு முறை காற்று மாற வேண்டுமானால் 288 கன அடி. கணினிக்குள் இருக்கும் 120 மில்லிமீட்டர் விசிறி நிமிடத்துக்கு சுமார் 40 கன அடி தள்ளும் என்று போட்டிருப்பார்கள். வலையும் குழாயும் இழுப்பைக் குறைக்கும், பாதி என்று வையுங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை 4 நிமிடம் ஓடினால் மணிக்கு 320 கன அடி வந்துவிடும். டைமர் ஒன்று போதும். 4 அங்குலக் குழாய் விசிறியை நாள் முழுக்க ஓட்டினால் தோவாளை அண்ணாச்சி சொன்ன கதிதான்.

இன்னொன்று. விசிறி காற்றை வெளியே இழுக்க வேண்டும், உள்ளே தள்ளக் கூடாது. இழுத்தால் பெட்டிக்குள் அழுத்தம் கொஞ்சம் குறையும், சந்துபொந்தில் எல்லாம் காற்று உள்ளே போகுமே தவிர நாற்றம் வெளியே கசியாது. உள்ளே வரும் துளைக்கு நைலான் வலை கட்டுங்கள், அழுகலைத் தேடிக் குட்டி ஈ வரும்.

தோவாளை மேடு:
தம்பி, விசிறியை மேலே வைப்பீர்களா, கீழேயா? கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனம், கீழேதான் தங்கும் என்பார்கள்.

தக்கலை ஒயர்மேன்:
அசையாத காற்றில் கீழ்த்தட்டில் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். விசிறி ஓடினால் எல்லாம் கலந்துவிடும். எதிரெதிர் மூலையில் இருப்பதுதான் முக்கியம்: வரும் வழி கீழே இடப்பக்கம் என்றால் போகும் வழி மேலே வலப்பக்கம். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்தால் காற்று குறுக்கு வழியில் வெளியேறிவிடும், நடுத்தட்டுக்குப் போகாது.

குலசேகரம் ரப்பர்:
ஒயர்மேன் தம்பி சொன்னது எல்லாம் சரி, ஆனால் இழுத்த காற்று எங்கே போகிறது? பாட்டியின் ஜன்னலுக்குத்தானே! நாற்றத்தைவிட எனக்கு வித்துத்தூள் பயம். முற்றிய சிப்பிக் காளான் புகைபோல வித்துக்களைக் கொட்டும். என் விசிறி இறக்கையைத் துடைத்தால் துணி முழுக்க கோலமாவு தொட்டது போல் வெள்ளை. வருடக்கணக்கில் அதைச் சுவாசித்த காளான் தொழிலாளர்களுக்கு நுரையீரல் அழற்சி வந்திருக்கிறது. கரி இதற்குப் பயன்படாது, அதன் மேல் சுற்றிய துணி கொஞ்சம் பிடிக்கும், அவ்வளவுதான். குடை விளிம்பு கீழ்நோக்கி மடிந்திருக்கும்போதே பறித்துவிடுங்கள். மேல்நோக்கி விரிந்த பின் பறிப்பது தாமதம். பெட்டிக்குள் கை விடும்போது முகக்கவசம் போடுங்கள்.

குளச்சல் கரை:
பறிப்பு விஷயத்தில் அண்ணன் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். ஆனாலும் பக்கத்து வீடு இவ்வளவு நெருக்கத்தில் இருந்தால் கரி வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. ஓசோன் கருவி வாங்கச் சொல்லி யாராவது யோசனை தந்தால் மட்டும் கேட்காதீர்கள் அக்கா. மூச்சிழுப்புக்காரருக்கு அது நேரடியாகக் கெடுதல்.

வடசேரி மாடி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி படுக்கைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். கீழ்த்தட்டில் பின்வரிசையில் இருந்த மூன்றைத் தூக்கியபோதே கனம் வித்தியாசமாகத் தெரிந்தது. அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் பழுப்புத் தண்ணீர். வைக்கோலைப் பிழிந்தால் விரலிடுக்கில் சொட்டியது. கையில் ஈரம் மட்டும் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது என்று பயிற்சியில் சொல்லித் தந்ததை அந்தச் சுற்றில் அவசரத்தில் மறந்திருக்கிறேன். இரண்டு படுக்கையில் முதல் அறுவடையின் காம்படி கூழாகிக் கிடந்தது. மூன்றையும் பையோடு கட்டிக் கீழே கொண்டுபோய், பையை உருவிவிட்டுத் தென்னை மூட்டில் புதைத்துவிட்டு வந்தேன். மற்ற ஒன்பதில் காம்படிகளைச் சுரண்டி எடுத்துவிட்டேன். காலையில் மாடி ஏறும்போது நாற்றம் பாதிக்கு மேல் குறைந்திருந்தது.

விசிறிக்கும் டைமருக்கும் சொல்லியாயிற்று. போகும் குழாயைப் பாட்டி வீட்டுப் பக்கம் விடப்போவதில்லை, பின்பக்கச் சுவரைத் துளைத்து மொட்டைமாடிக்கு மேலே ஏற்றுகிறோம். கரி வடிகட்டியை அடுத்த அறுவடை வரை பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன், குளச்சல் தம்பி கோபிக்க வேண்டாம்.

குளச்சல் கரை:
கோபமா, எனக்கா? அந்தக் குழாயின் வாயில் மழைத்தொப்பி போட மறக்காதீர்கள் அக்கா, ஐப்பசி மழை நேராக உள்ளே இறங்கிவிடும்.