பக்கத்து வீட்டுப் பலா மரம் எங்கள் ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்துவிட்டது, எப்படி எடுப்பது?

வெளியூர் மகள்:

பண்ருட்டி பக்கம் ஒரு கிராமத்தில் அம்மா தனியாக இருக்கிறார். நேற்று ராத்திரி அடித்த காற்று மழையில் பக்கத்து வீட்டுப் பெரியப்பாவின் பலா மரம் வேரோடு பெயர்ந்து எங்கள் கூரை மேல் படுத்துவிட்டது. பின்னால் கட்டிய கான்கிரீட் அறையில் அம்மா தூங்கியதால் தப்பித்தார். முன்கூடத்தில் சீமை ஓடு நொறுங்கிக் கிடக்கிறது, ஓட்டைத் தாங்கும் கைமரம் இரண்டு முறிந்து தொங்குகிறது. கம்பத்திலிருந்து வரும் கரண்ட் ஒயரும் கிளைக்குள் சிக்கியிருக்கிறது. நான் திருப்பூரில் இருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறேன்.

மர வியாபாரி ஒருவர் காலையிலேயே வந்துவிட்டாராம். மிஷின் ரம்பத்தால் அடியில் அறுத்து டிராக்டரில் கட்டி இழுத்துவிடுகிறேன், கூலி வேண்டாம், மரத்தைக் கொடுத்தால் போதும் என்கிறார். பெரியப்பாவோ மரத்தைத் துண்டு போடவே கூடாது என்கிறார். வைரம் பாய்ந்த பலா, நீளமாக எடுத்தால் மிருதங்கக் கட்டைக்கோ வீட்டு நிலைக்கோ நல்ல விலை போகும். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அம்மாவுக்கு அர்த்த ராத்திரியில் உடம்பு முடியாமல் போனால் முதலில் ஓடி வருவது அவர்தான், அவரோடு சண்டை வேண்டாம். ஆனால் இன்னொரு மழை வந்தால் சுவர் தாங்குமா என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

கட்டட மேஸ்திரி:

தங்கச்சி, முதலில் போன் போட்டு அந்த மிஷினை நிறுத்தச் சொல். வேரோடு சாய்ந்த மரத்தை அடியில் அறுக்கவே கூடாது. இப்போது அந்த மரத்தின் பாரத்தைப் பாதி வேர்மண் பிடித்திருக்கிறது, பாதி உன் சுவர் பிடித்திருக்கிறது. அடியில் அறுத்தால் முழுப் பாரமும் சுவர் மேல் உட்காரும். அறுத்த அடிக்கட்டையோ வேர்மண்ணோடு சட்டென்று நிமிர்ந்து பள்ளத்தில் விழும். பள்ளத்தை வேடிக்கை பார்க்கப் பிள்ளைகள் நின்றால் அவ்வளவுதான். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த பிறகு உங்கள் பக்கம் முந்திரியும் பலாவும் தோப்பு தோப்பாகச் சாய்ந்து கிடந்தபோது நானும் அங்கே கூரை வேலை பார்த்தேன். அப்போது கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

மெயினை அணைத்தால் போதும் என்று இருக்காதே. கம்பத்திலிருந்து மீட்டர் வரை வரும் சர்வீஸ் ஒயரில் அப்போதும் கரண்ட் இருக்கும். மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987 எண்ணில் புகார் கொடு, ஏரியா லைன்மேனுக்கும் சொல். அவர் வந்து கம்பத்தில் கழற்றிவிடும் வரை ஈர மரத்தை யாரும் தொடக் கூடாது.

அதற்குள் சவுக்குக் கழி வரவழைத்துவிடு. முன்கூடத்து உத்திரத்துக்குக் கீழே முட்டுக் கொடுக்க வேண்டும். கழிக்கு அடியில் பலகை வைக்காமல் மண் தரையில் நிறுத்தினால், ஈர மண்ணில் இறங்கி முட்டு சும்மா நிற்கும். முட்டு ஏறிய பிறகு கிளை நுனியிலிருந்து ஆரம்பிக்கட்டும். சின்னக் கிளை ஒவ்வொன்றையும் கயிறு கட்டி இறக்க வேண்டும், ஓட்டின் மேல் போடக் கூடாது. வளைந்து அழுந்தி நிற்கும் கிளையை ஒரே வெட்டாக அறுத்தால் அறுப்பவன் முகத்தில் அடிக்கும். அதன் உள்வளைவில் லேசாக ஒரு வெட்டுப் போட்டு, அப்புறம் வெளிப்பக்கம் அறுக்கத் தெரிந்த ஆளாகப் பார்.

கிளை எல்லாம் போனால் மிஞ்சுவது தண்டுதான். அதற்கு கிரேன் சொல்லிவிடு. பெல்ட் போட்டு இழுத்துப் பிடித்த பிறகு வேர் பக்கம் அறுத்து, முழு நீளமாகத் தூக்கி வைக்கலாம். உன் வீடும் தப்பும், பெரியப்பா மரமும் தப்பும். கட்டை அவருடையது என்பதால் கிரேன் வாடகையை அவரிடம் தாராளமாகப் பேசலாம், கட்டாயம் ஒத்துக்கொள்வார். டிராக்டரில் இழுப்பது மட்டும் வேண்டாம். தண்டோடு மிச்ச ஓடும் சுவர் தலைப்பும் சேர்ந்து வந்துவிடும்.

இன்சூரன்ஸ் சர்வேயர்:

மேஸ்திரி சொன்னதோடு ஒன்று. பின்னால் இருக்கும் கான்கிரீட் அறை வங்கிக் கடனில் கட்டியதா? அப்படியானால் கடனோடு வீட்டுக் காப்பீடும் சேர்த்துப் போட்டிருக்க வாய்ப்பு உண்டு, பலருக்கு அது தெரிவதே இல்லை. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில் புயல் சேதமும் உண்டு, மரம் விழுந்து வரும் சேதமும் உண்டு. இடிபாடு அள்ளும் செலவுக்கு இழப்பீட்டில் 2 சதவீதம் வரை தருவார்கள். ஆனால் பாலிசியில் முன்பக்க ஓட்டு வீடும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இருந்தால் இன்றே தகவல் கொடுங்கள். மரத்தைத் தொடுவதற்கு முன்னால் நாலு பக்கமும் போட்டோ, வேர் பெயர்ந்த பள்ளம், உள்ளே நின்று மேலே பார்த்து ஒரு வீடியோ. சர்வேயர் வரும் வரை நனைய வேண்டியதில்லை, தார்ப்பாய் போட்டு மூடலாம், அந்த பில்லை வைத்திருங்கள். உடைந்த ஓட்டை மட்டும் வெளியே கொட்டிவிடாமல் ஒரு மூலையில் குவித்து வையுங்கள்.

வெளியூர் மகள்:

மிஷினை நிறுத்திவிட்டார்கள் அண்ணா, ரொம்ப நன்றி. பெரியப்பாவும் கிரேன் வாடகையில் பாதி தருகிறேன் என்று சொல்லிவிட்டார். சர்வேயர் சார், அறை வங்கிக் கடன்தான், பாஸ்புக்கைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இன்னொரு கவலை. வேலி ஓரம் வேறொருவர் மனையில் புளிய மரம் ஒன்று எங்கள் பக்கமே சாய்ந்து நிற்கிறது. அவர் சென்னையில் இருக்கிறார், எத்தனையோ முறை சொல்லியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஓய்வு பெற்ற வி.ஏ.ஓ.:

அம்மா, வாயால் சொன்னது கணக்கில் வராது. பதிவுத் தபாலில் எழுதி அனுப்புங்கள். நல்ல மரம் புயலில் விழுந்தால் உடையவர் மேல் பொறுப்பைச் சுமத்துவது கஷ்டம். ஆபத்து என்று எழுத்தில் தெரிவித்தும் அவர் சும்மா இருந்தால் கதை வேறு. அதோடு கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். விழுந்து ஆபத்து விளைவிக்கக்கூடிய மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உத்தரவிட, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152ஆம் பிரிவில் அதிகாரம் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதுவே 133.

இப்போதைய சேதத்துக்கு கிராம நிர்வாக அலுவலரை நேரில் வரவழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, அம்மாவின் வங்கிப் புத்தகம், எல்லாவற்றிலும் நகல் எடுத்து வையுங்கள். பேரிடர் நிவாரண விதியில் பகுதி சேதமான கெட்டி வீட்டுக்கு 6,500 ரூபாய். அதுவும் குறைந்தது 15 சதவீதம் சேதமாகியிருக்க வேண்டும். ஓடு மாற்றக்கூடப் பத்தாதுதான், ஆனாலும் விடாதீர்கள். அவர் எழுதும் சேத அறிக்கை காப்பீட்டுக்கும் கைகொடுக்கும்.

கட்டட மேஸ்திரி:

தங்கச்சி, தண்டைத் தூக்கியதும் உடனே ஓடு மேய ஆள் வைத்துவிடாதே. கைமரம் உட்காரும் சுவர் தலைப்பு வெளியே தள்ளியிருக்கும். சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கச் சொல். மூலையில் சாய்வாக விரிசல் ஓடியிருந்தால் தலைப்பைப் பிரித்துக் கட்டிய பிறகுதான் கூரை. அதுவரை அம்மா பின்னறையிலேயே இருக்கட்டும், ஆனால் முன்கூடம் வழியாகப் போய்வர வேண்டாம். பின்பக்கம் வாசல் இருக்கிறதா?

வெளியூர் மகள்:

இருக்கிறது அண்ணா. முன்கதவைப் பூட்டச் சொல்லிவிட்டேன். லைன்மேன் வந்து கம்பத்தில் ஒயரைக் கழற்றிவிட்டாராம். சவுக்குக் கழி வண்டி கிளம்பிவிட்டது.