ஊரில் ஒரே அரசு மழலையர் பள்ளி: எங்கள் சேர்க்கை அனுபவம்

எங்கள் ஊரில் அரசு மழலையர் பள்ளி ஒன்றுதான். மூன்று வயதுக்கு ஒரு வகுப்பு, நான்கு வயதுக்கு ஒரு வகுப்பு. அங்கே இடம் இல்லையென்றால் பிள்ளை வீட்டில்தான் இருக்க வேண்டும். அதனால் ஒரு முறை மறுத்துச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு திரும்பிவிடாதீர்கள்.

என் மகள் வயது வரம்புத் தேதிக்குச் சில நாட்கள் பிந்திப் பிறந்தவள். பிறப்புச் சான்றிதழைப் பார்த்ததுமே, அடுத்த ஆண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சேர்க்கை விதிகளைக் காட்டச் சொல்லி அங்கேயே உட்கார்ந்து படித்தேன். வயது நிரம்பிய பிள்ளைகளுக்குப் போக இடம் மீந்தால் மற்றவர்களையும் சேர்க்கலாம் என்று அதிலேயே எழுதியிருந்தது. காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் பதியச் சொல்லி, பதிந்ததற்கு ஒப்புகைச் சீட்டும் வாங்கிக்கொண்டேன். அந்தச் சீட்டு மிக முக்கியம்.

சிறிய ஊரில் பட்டியலும் சிறியது. வேலை மாற்றலாகி ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போனாலே அது நகர்ந்துவிடும். வகுப்புகள் தொடங்கிய பிறகுதான் எங்களுக்கு அழைப்பு வந்தது. முகவரிச் சான்று, தடுப்பூசி அட்டை எல்லாம் தயாராக இருந்ததால் அன்றே சேர்த்துவிட்டோம்.

அரை நாள் வகுப்பால் என்ன பயன் என்று உறவினர்கள் கேட்டார்கள். அமெரிக்காவில் இப்சிலாண்டி என்ற ஊரில் 1962இல் தொடங்கிய பெர்ரி மழலையர் பள்ளி ஆய்வைத்தான் அவர்களுக்குச் சொன்னேன். அங்கும் நாளுக்கு இரண்டரை மணி நேர வகுப்புதான். கூடவே ஆசிரியர் வாரந்தோறும் வீட்டுக்கு வந்து தாயோடும் பிள்ளையோடும் நேரம் செலவிட்டார். ஆய்வில் இருந்த 123 ஏழைப் பிள்ளைகளை நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். அந்தப் பள்ளியில் படித்தவர்களில் உயர்நிலைப் பள்ளியை முடித்தவர்களும் வேலையில் இருந்தவர்களும், படிக்காதவர்களைவிட அதிகம். ஆகவே நேரத்தைவிட ஆசிரியரைப் பாருங்கள். சேர்ப்பதற்கு முன் ஒரு காலை வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். எங்கள் ஆசிரியை அழுத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே மற்றவர்களுக்குக் கதை சொன்னார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இன்னொன்றையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: நான்கு வயது வகுப்புக்கு இடம் தானாகத் தொடருமா, மறுபடி விண்ணப்பிக்க வேண்டுமா? எங்கள் பள்ளியில் விண்ணப்பிக்க வேண்டும். ஆசிரியை முன்கூட்டியே சொன்னதால் கடைசித் தேதிக்குள் கொடுத்துவிட்டோம்.