ஏ-பேசின் பாஸ்: அக்டோபர் முதல் ஜூன் வரை என்பதை நம்பி வாங்கலாமா?

செரிக்ரீக்_செந்தில்:

பனிச்சறுக்குக்கு எந்த மலையின் சீசன் பாஸ் வாங்கலாம் என்று போன வாரம் ஒருவர் இங்கே கேட்டிருந்தார். வந்த பதில்களில் பாதிக்கு மேல் அராபாஹோ பேசின் (சுருக்கமாக ஏ-பேசின்) புராணம். காரணமும் எல்லோருக்கும் ஒன்றே: அக்டோபரில் திறக்கிறார்கள், ஜூனில்தான் மூடுகிறார்கள், கொலராடோவில் இவ்வளவு நாள் வேறு எங்கே சறுக்க முடியும்? அங்கேயே மறுத்து எழுதினால் கேட்டவர் குழம்பிவிடுவார் என்று தனித் திரி போடுகிறேன்.

அந்த எட்டு மாதக் கணக்கு காலண்டரில் சரி, மலையில் சரியில்லை. அக்டோபர் கடைசியில் திறப்பது 1,428 ஏக்கரும் அல்ல. ஹை நூன் என்ற ஒரே ஒரு சறுக்குப் பாதை, அதுவும் இயந்திரம் ஊதித் தள்ளிய செயற்கைப் பனி. இரண்டு பக்கமும் புல்லும் கல்லும் தெரியும். நேற்று முதல்முறை ஸ்கீ மாட்டியவரும் ரேஸுக்குப் பயிற்சி எடுப்பவரும் அதே பட்டையில்தான் இறங்க வேண்டும். உள்ளூர்க்காரர்கள் அதை 'மரண வெள்ளை ரிப்பன்' என்று கிண்டல் செய்வது சும்மா இல்லை. டிசம்பரில்கூடப் பாதி மலை கயிறு கட்டி மூடியிருக்கும்.

அப்புறம் மலையின் குணம். பல வருடமாக அச்சடிக்கும் பிரிவையே பாருங்கள்: ஆரம்பக்காரர்களுக்கு 7 சதவீதம், நடுத்தரத்துக்கு 20. மிச்சம் முழுக்க கடினமான பிளாக், அதைவிடக் கடினமான டபுள் பிளாக் பாதைகள். குழந்தைகளோடு போகும் ஒரு சராசரிக் குடும்பம் காசு கொடுத்து வாங்குவது மலையின் கால்பங்கைத்தான். அடிவாரத்தில் தங்க ஓட்டல் கிடையாது. டென்வரிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலை நெரிசலில் போய், அதே நெரிசலில் திரும்ப வேண்டும்.

மறுப்பவர்கள் வரலாம்.

மேமாதப்_பனி:

வந்துவிட்டேன்.

செந்தில், ஹை நூன் பற்றி நீங்கள் சொன்னதை நான் மறுக்கப் போவதில்லை. அக்டோபரில் அங்கே போவது ஒரு வேண்டுதல் மாதிரி. ஆனால் அதை வைத்து மலையை எடைபோடுவதுதான் தப்பு. ஏ-பேசினில் சீசன் நீளவில்லை, தள்ளிப்போகிறது. மற்ற இடங்கள் ஜனவரி, பிப்ரவரியில் உச்சத்துக்கு வந்து ஏப்ரலில் மூட்டை கட்டும். இங்கே உச்சமே மார்ச் கடைசியில்தான் ஆரம்பிக்கிறது.

இதற்குக் காரணம் உயரம். அடிவாரமே 10,780 அடி. ஈஸ்ட் வால் முகட்டுக்கு நடந்து ஏறினால் 13,050 அடி. மலையின் பெரும்பகுதி மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே இருக்கிறது. அதனால் குளிர்கால ஆரம்பத்தில் விழும் பனியைக் காற்று வாரிக்கொண்டு போய்விடும். பாறைகளுக்கு நடுவே உள்ள பள்ளங்கள் நிறைய மாதக்கணக்கில் ஆகும். நீங்கள் டிசம்பரில் பார்த்த கயிறுகளுக்கு இதுதான் காரணம். நிறைந்துவிட்டால் அதே உயரம் அந்தப் பனியைச் சுலபத்தில் உருக விடாது. முன்பக்கம் பெரும்பாலும் வடக்கு நோக்கியது, வெயில் சாய்வாகத்தான் விழும். ஆக, முழு மலையும் தாமதமாகத் திறப்பதற்கும் தாமதமாக மூடுவதற்கும் காரணம் ஒன்றுதான். ஒன்றைத் திட்டிவிட்டு மற்றதை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

ஜூன் தொடக்கம் என்பது வழக்கமான வருடத்துக்கு. 2019இல் ஜூலை 4 வரை லிஃப்ட் ஓடியது. 1995இல் ஆகஸ்ட் 10 வரை! அப்போது அங்கே செயற்கைப் பனி இயந்திரமே கிடையாது. விழுந்த பனி மட்டும்தான்.

ஓட்டல் இல்லை என்பது குறையா? அதனால்தான் அது இன்னும் மலையாக இருக்கிறது.

செரிக்ரீக்_செந்தில்:

'தள்ளிப்போகிறது' என்பதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் விளம்பரத்திலும் அதையே சொல்லட்டுமே. யார் முதலில் திறக்கிறார்கள் என்று வருடா வருடம் பக்கத்து மலைகளான கீஸ்டோனோடும் லவ்லேண்டோடும் போட்டி எதற்கு?

உங்கள் மே மாதத்திலும் முழு மலை கிடைக்காது. 2008இல் திறந்த மாண்டெசுமா பௌல் ஒன்றே ஏறத்தாழ 400 ஏக்கர். அது தெற்கு பார்த்த பின்பக்கம், வெயில் நேராக அடிக்கும், முன்பக்கத்துக்கு வெகு முன்பே மூடிவிடுவார்கள். இப்போதெல்லாம் பிரெக்கன்ரிட்ஜும் மே வரை ஓட்டுகிறது. கூடுதலாகக் கிடைப்பது சில வாரம்தான்.

அரோரா_வைத்தி:

இரண்டு பேரும் பனியைப் பற்றியே பேசுகிறீர்கள். அதற்கு முன்னால் மூச்சு என்று ஒன்று இருக்கிறது.

கடல் மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் டென்வரில் ஏறத்தாழ 83 சதவீதம். ஏ-பேசின் அடிவாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. லிஃப்ட் கொண்டுபோய் விடும் உச்சி ஏறக்குறைய 12,500 அடி, அங்கே இன்னும் குறைவு. காலையில் 5,280 அடியில் காபி குடித்துவிட்டு, பத்து மணிக்கு அந்த உச்சியில் நின்று, உடனே செங்குத்தாக மோகல் (பனி மேடுகள்) இறங்கினால் தொடை எரிகிறது என்று புலம்பிப் பயனில்லை. ஊரிலிருந்து வந்து இறங்கிய அப்பா அம்மாவை மறுநாளே 'வியூ பார்க்கலாம்' என்று அங்கே கூட்டிப்போகும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் டென்வரிலேயே இருக்கட்டும். இதய, நுரையீரல் தொந்தரவு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறவே கூடாது.

சவாலான மலை என்று எல்லோரும் சரிவைச் சொல்கிறார்கள். என் வயதுக்குப் பாதிச் சவால் பூட்ஸ் பக்கிளைக் குனிந்து மாட்டும்போதே முடிந்துவிடுகிறது.

மேமாதப்_பனி:

வைத்தி சார், நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, ஒன்றைச் சேர்க்கிறேன். உயரத்தால் வரும் தலைவலியும் வாந்தியும் பெரும்பாலும் மேலே போன சில மணி நேரத்துக்குப் பிறகு, முக்கியமாக அந்த உயரத்திலேயே இரவு தூங்கினால்தான் பிடிக்கும். பகலில் சறுக்கிவிட்டு சாயங்காலம் டென்வருக்கே இறங்கிவிடுகிறவர்களுக்கு ஆபத்து குறைவு. செந்தில் குறை சொன்ன 'ஓட்டல் இல்லை' இங்கே ஒரு நன்மையாகவும் போகிறது பாருங்கள்.

ஐ70_கைதி:

நான் இரண்டு கட்சியும் இல்லை, மூன்றாவது கட்சி. அந்த மலை முன்பு இருந்த மலை இல்லை.

1946இல் லாரி ஜம்ப், டிக் டுரான்ஸ், மேக்ஸ் டெர்கம் முதலானோர் சேர்ந்து தொடங்கினார்கள். முதல் சீசனில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும், டிக்கெட் 1.25 டாலர். சரி, அந்தக் காலத்தை விடுங்கள். 1997இல் 'வெய்ல்' (Vail) என்ற ஸ்கீ நிறுவனம் கீஸ்டோன், பிரெக்கன்ரிட்ஜ், ஏ-பேசின் மூன்றையும் சேர்த்து வாங்கப் போனது. அமெரிக்க நீதித்துறை குறுக்கே நின்று, ஏ-பேசினை வேறு கைக்கு விற்க வைத்தது. ஒரு கனடா நிறுவனம் வாங்கியது. ஆனாலும் வெய்ல் பாஸ் வைத்திருந்தவர்கள் இங்கேயும் சறுக்கலாம் என்ற ஏற்பாடு தொடர்ந்தது. கூட்டம் தாங்கவில்லை, கார் நிறுத்த இடமில்லை என்று 2019இல் அவர்களாகவே அந்த உறவை வெட்டிக்கொண்டார்கள். வருகிற வாடிக்கையாளரை 'கொஞ்சம் குறைந்தால் நல்லது' என்று சொன்ன வியாபாரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பாஸ் விற்பனைக்கும் நாள் டிக்கெட்டுக்கும் உச்சவரம்பு வைத்தார்கள். அந்தச் சில வருடங்கள் பொற்காலம்.

2024இல் ஆல்டெர்ரா வாங்கிவிட்டது. பல மலைகளுக்குச் செல்லும் ஐகான் பாஸை விற்கும் கம்பெனி. ஒரு பெரிய முதலாளியிடம் போகாமல் சட்டம் காப்பாற்றியது, இருபத்தேழு வருடம் கழித்து அவருடைய போட்டியாளரிடம் போய்ச் சேர்ந்தது. வார இறுதியிலும் விடுமுறையிலும் பார்க்கிங்குக்கு முன்பதிவு என்று வந்துவிட்டது. இனி எட்டு மாதம் திறந்தால் என்ன, பத்து மாதம் திறந்தால் என்ன?

செரிக்ரீக்_செந்தில்:

கைதி அண்ணே, உங்கள் கட்சி என் கட்சிக்கு ஓட்டு சேர்க்கிறது. நன்றி.

மேமாதப்_பனி:

சேர்க்கவில்லை. பார்க்கிங் முன்பதிவு வந்ததே நல்லதுக்குத்தான். முன்பெல்லாம் சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் போனால் நிறுத்த இடமில்லாமல் திரும்பியவர்கள் எத்தனை பேர்? இப்போது வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே இடம் உண்டா இல்லையா என்று தெரிகிறது. முதலாளி மாறியதால் பாலவிசினி (சுருக்கமாக பாலி) லிஃப்டுக்குக் கீழே இருக்கும் சரிவு சமதளமாகிவிடவில்லை. பாலி லிஃப்ட் இன்னும் இரண்டு பேர் உட்காரும் லிஃப்ட்தான். 2020இல் புதிதாக மாற்றியபோதும் நான்கு பேர் லிஃப்ட் போட்டு அந்தப் பக்கத்தைக் கூட்டமாக்காமல் விட்டார்கள். அது யோசித்துச் செய்தது.

புதுப்பூட்ஸ்:

நான்தான் போன வாரம் பாஸ் பற்றிக் கேட்டவன். இவ்வளவு சண்டைக்குக் காரணமாவேன் என்று நினைக்கவில்லை. நானும் மனைவியும் இப்போதுதான் நடுத்தரமான நீலப் பாதையில் விழாமல் இறங்கப் பழகியிருக்கிறோம். பையனுக்கு ஆறு வயது. மே மாதம் வெயிலில் டி-ஷர்ட்டோடு சறுக்கலாம், கார் பக்கத்திலேயே அடுப்பு வைத்து வாட்டலாம் என்கிறார்களே, அது எங்களுக்கு ஆகுமா? பாதுகாப்பானதா?

அரோரா_வைத்தி:

கார் பக்கத்தில் வாட்டும் இடத்துக்கு 'பீச்' என்று பெயர். சரிவின் ஓரத்திலேயே கார் நிற்கும். மெரினாவில் சுண்டல் என்றால் இங்கே சாசேஜ், அவ்வளவுதான் வித்தியாசம். வசந்த வார இறுதிகளில் அந்த இடத்துக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். சன்ஸ்கிரீன் மறக்காதீர்கள், அந்த உயரத்து வெயில் மேலிருந்தும் அடிக்கும், பனியில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கும். மூக்குத் துவாரத்துக்கு அடியில்கூடத் தோல் கருகும்.

செரிக்ரீக்_செந்தில்:

பாதுகாப்பு என்று கேட்டீர்கள், அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். 2005 மே மாதம், பாலி பக்கத்தில், திறந்திருந்த எல்லைக்குள்ளேயே ஈரப் பனிச்சரிவு வந்து ஒருவர் இறந்தார். காட்டுக்குள் கயிறு தாண்டிப் போனவர் அல்ல. டிக்கெட் வாங்கி லிஃப்டில் ஏறியவர். வசந்தம் என்றால் திருவிழா என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

மேமாதப்_பனி:

இதை லேசாக எடுக்க மாட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், புதுப்பூட்ஸ் பொறுமையாகப் படிக்கவும்.

கொலராடோ பனிக்கு அடிப்படையிலேயே ஒரு பலவீனம் உண்டு. நவம்பரில் மெல்லிசாக விழும் பனி, கடுங்குளிர் இரவுகளில் ஒட்டாத சர்க்கரைப் பரலாக மாறிவிடும். அதன்மேல் குளிர்காலம் முழுக்கப் பனி அடுக்கப்படுகிறது. வசந்தத்தில் உருகும் தண்ணீர் அந்த அடி அடுக்குவரை இறங்கினால் மேலே உள்ள மொத்தப் பாளமும் வழுக்க வாய்ப்பு இருக்கிறது. இதில் முக்கியம் இரவு. இரவில் நன்றாக உறைந்தால் மறுநாள் காலை பனி கெட்டியாக இருக்கும். இரண்டு மூன்று இரவு உறையாமலே போனால் கவலைப்பட வேண்டும். மலையின் பாதுகாப்பைப் பார்க்கும் பேட்ரோல்காரர்கள் இதைப் பார்த்துத்தான் செங்குத்தான பகுதிகளைத் திறப்பதும் மூடுவதும். வெடி வைத்துச் சோதிப்பதும் உண்டு. அப்படியும் ஆபத்து பூஜ்ஜியம் ஆகாது.

ஆனால் அதே உறைதல்தான் வசந்தத்தின் சுகமும். இரவில் உறைந்து பகலில் உருகி, திரும்பத் திரும்ப இது நடந்தால் பனி உருண்டை உருண்டைப் பரலாகிவிடும். கார்ன் ஸ்னோ என்பது அதுதான். காலை எட்டரைக்குப் போனால் கான்கிரீட், பல் ஆடும். பத்து பத்தரைக்கு மேற்பரப்பு ஓர் அங்குலம் இளகும். அப்போதிருந்து மதியம் வரை ஸ்கீ தானே திரும்புகிறதோ என்று தோன்றும். ஜனவரியில் நீங்கள் பயந்த சரிவு அன்று உங்கள் சொல் கேட்கும். ஒரு மணிக்கு மேல் கூழ். கூழானதும் செங்குத்தான பக்கத்தை விட்டு வந்து பீச்சில் உட்காருங்கள். சுகத்துக்கும் அதுதான் சரி, பாதுகாப்புக்கும் அதுதான் சரி.

செரிக்ரீக்_செந்தில்:

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இதைப் படித்து முடித்தவர் ஆறு வயதுப் பையனோடு என்ன செய்வார்? ஏ-பேசினில் ஆரம்பக்காரர்களுக்கான பச்சைப் பாதை என்றால் மாலி ஹோகன் லிஃப்ட் பக்கம், அப்புறம் மேலிருந்து இறங்கும் ராங்லர், சன்டான்ஸ். பட்டியல் அங்கே ஏறக்குறைய முடிந்தது. பத்து நிமிஷம் கீழே கீஸ்டோனில் ஸ்கூல்மார்ம் என்ற ஒரே பச்சைப் பாதை மூன்று மைல் நீளம். பையன் எங்கே அதிகம் கற்பான்?

மேமாதப்_பனி:

பையனுக்கு ஸ்கூல்மார்ம். இதில் சண்டையே இல்லை. அவன் அப்பா அம்மாவுக்குத்தான் நான் வாதாடுகிறேன். நீலப் பாதையிலேயே ஐந்து வருடம் சுற்றுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஏ-பேசினில் லெனாவி உச்சிக்குப் போனால் நீலத்தில் இறங்கும்போதே இடப்பக்கமும் வலப்பக்கமும் பிளாக் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். ஒருநாள் கால் தானாக அந்தப் பக்கம் போகும்.

ஐ70_கைதி:

கால் தானாகப் போகுமாம். லிகமெண்ட் எந்தப் பக்கம் போகும் என்றும் சொல்லுங்கள்.

புதுப்பூட்ஸ்:

எனக்கு ஓரளவு பிடிபட்டுவிட்டது. மார்ச் வரை பையனோடு கீஸ்டோன். ஏப்ரல் கடைசியிலிருந்து அவனை என் தங்கை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் ஏ-பேசினுக்கு நாள் டிக்கெட். முழு சீசன் பாஸ் இந்த வருடம் வேண்டாம்.

செரிக்ரீக்_செந்தில்:

பாஸ் வாங்கவில்லை. ஆக நான் ஜெயித்தேன்.

மேமாதப்_பனி:

மே மாதம் வரப் போகிறார். நீங்கள் எங்கே ஜெயித்தீர்கள்? டிக்கெட்டை மட்டும் அன்று காலை கவுண்டரில் வாங்கலாம் என்று இருக்காதீர்கள், புதுப்பூட்ஸ். முன்னாலேயே ஆன்லைனில் வாங்கினால் விலை குறையும். லவ்லேண்ட் பாஸ் என்ற மலைக்கணவாய் வழியாக வருவதாக இருந்தால் ரோடு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 11,990 அடி, மே மாதமும் அங்கே திடீரென்று பனி கொட்டும். மூடியிருந்தால் ஐசன்ஹோவர் சுரங்கம் வழியாக டில்லன் போய்ச் சுற்றி வர வேண்டும்.

ஐ70_கைதி:

சுரங்கத்தில் என்னைப் பார்த்தால் கை காட்டுங்கள். அங்கேதான் இருப்பேன்.